வால் இல்லாத புழுதி

வெர்னா பனாசுக் வானத்துக்குப் பயந்தவள் என்பது எங்கள் மெரிடன் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கோடையில் கைபேசி அலறிச் சுழற்காற்று எச்சரிக்கை வந்தால், எங்கள் ஊர் ஆண்கள் காபிக் கோப்பையும் கையுமாக வாசலுக்கு வந்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கனடாவில் எங்கள் சஸ்காட்சுவன் மாகாணத்து ஆண்களுக்கு அது ஒரு வியாதி. சிலர் புல் வெட்டுவதைக்கூட நிறுத்தமாட்டார்கள். வெர்னா மட்டும் டார்ச் விளக்கு, ரேடியோ, தண்ணீர், புருஷன் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குக் கீழே நிலவறைக்கு இறங்கிவிடுவாள். கல்யாணமாகி வந்த கோடையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூட ஒன்றும் வந்ததில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில், அப்பாவின் பண்ணையில் ஒரு நாள், அம்மா அவளை நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போய் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்து மேல்கதவைச் சாத்தினாள். திரும்ப வெளியே வந்தபோது மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. மாடுகள் இருந்தன. கூரையும் சுவரும் போய்விட்டது தெரியாததுபோல் அதே இடத்தில் வரிசையாக நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன. அந்த மாடுகளின் முகம் வெர்னாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

மற்றபடி அவள் பயந்த சுபாவக்காரி அல்ல. பனி கொட்டிக் கண் தெரியாத காலைகளில் பள்ளிக்கூட மஞ்சள் பேருந்தை ஓட்டியவள். பஸ்ஸில் சண்டை போடும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கியவள். குளிர்காலத்தில் ஹாக்கி மைதானத்துச் சிற்றுண்டிக் கடையில் நின்று, பிள்ளைகள் தோற்றுப்போன அப்பாக்களின் கோபத்தைச் சூடான உருளைக்கிழங்கு வறுவலால் தணித்தவள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ரெஜைனா நகரத்துக்கு அனுப்பிவிட்டு, புருஷன் ஓரெஸ்டோடு தனியாக இருந்தாள். ஓரெஸ்ட் நல்லவன்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

எங்கள் பக்கத்துச் சாலைகள் எல்லாம் சரளை, மைலுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் போகிறவை. எந்த வண்டி போனாலும் பின்னால் புழுதி எழும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் புழுதியைப் பார்த்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். பக்கத்துப் பண்ணை ஆர்வில், கல்யாணமாகாதவன், தலைதெறிக்க ஓட்டுவான். அவன் புழுதிக்கு அரை மைல் நீளத்துக்கு மெல்லிய வால் இருக்கும். தபால்காரி நின்று நின்று போவாள், அவள் புழுதி துண்டு துண்டாக எழும். ஓரெஸ்டின் பிக்கப் வண்டி ஊர்ந்துதான் வரும். அவன் புழுதி குட்டை, கனம், பின்னால் சின்னதாக ஒரு வால்.

வெர்னாவின் சமையல் அந்தக் குட்டைப் புழுதியை நம்பித்தான் நடந்தது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த பைரோஹிக் கொழுக்கட்டைகள் தட்டில் தயாராக இருக்கும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். தெற்கு மூலையில் புழுதி தெரிந்ததும் அவற்றைத் தண்ணீரில் போடுவாள். ஓரெஸ்ட் வண்டியை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி, கை கழுவிவிட்டு உட்காரும்போது அவை மேலே மிதந்திருக்கும். அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

அந்த வருஷம் ஜூனில் ஒரு எச்சரிக்கை வந்தது. வழக்கம்போல வெர்னா புருஷனைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள், வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. மறுநாள் கூட்டுறவுக் கடையில், ஆண்கள் தினமும் காலையில் கூடி ஊர் வம்பு பேசும் காபி மேசையில், ஓரெஸ்ட் அதை எடுத்து விட்டான்.

"பாதி மூஞ்சி சவரம் பண்ணியிருக்கேன். மீதி பாதில சோப்பு. அப்படியே கீழ இழுத்துட்டுப் போயிட்டா. ஊறுகாய் ஜாடியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மேல வந்து பாத்தா வாளிக்குள்ள ரெண்டு சொட்டுத் தண்ணி."

மேசை சிரித்தது. அதோடு போயிருக்கலாம். ஜூலை முதல் தேதி, ஊர் மண்டபத்துக் கனடா தின விருந்தில், ஆர்வில் எல்லோருக்கும் முன்னால் வெர்னாவுக்கு ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தான். உள்ளே நெற்றியில் விளக்கு வைத்த, பொட்டாஷ் சுரங்கத்துத் தலைக்கவசம்.

"வெர்னாக்கா, நீங்க பூமிக்கு அடில இருந்த நேரத்துக்கு சுரங்கத்துல சேந்திருந்தா இந்நேரம் பென்ஷனே வந்திருக்கும்."

வெர்னா அதைத் தலையில் மாட்டிக்கொண்டு எல்லோரோடும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? பக்கத்தில் ஓரெஸ்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான், அதுதான் அவளுக்கு வலித்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னாள்: "இனிமே வானத்தப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது."

"எத்தன நாளைக்கு?" என்றான் ஓரெஸ்ட்.

"பாரு."

அடுத்த வாரம் முழுக்க அவள் வானத்தைப் பற்றிப் பேசவில்லை. தூரத்தில் இடி உருண்டது, பேசவில்லை. ஒரு நாள் கல் மழைகூடப் பெய்தது, தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். ஓரெஸ்ட் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். கேட்கத்தான் ஆசை, ஆனால் கேட்டால் தோற்றதாகிவிடுமே.

பிறகு அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே நல்ல வெயில். எங்கும் எண்ணெய்க்குப் பயிரிடும் கனோலா மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. தெற்கே மூலையைத் தாண்டி அவர்களுக்கு இருந்த ஒரு வயல் மட்டும் வெறுங்கறுப்பாக இருந்தது. வசந்தத்தில் தண்ணீர் நின்றதால் அதில் விதைக்க முடியவில்லை. சும்மா கிடக்கிறதே என்று ஓரெஸ்ட் அங்கே கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். எங்கள் மண்ணில் கல் விளையும். ஒவ்வொரு குளிர்காலமும் கீழேயிருந்து புதுசாக ஒரு மகசூலை மேலே தள்ளிவிட்டுப் போகும். பொறுக்கிய கல்லை எல்லாம் வயல் மூலையில் கொட்டிக் கொட்டி, ஓரெஸ்டும் வெர்னாவும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் வளர்த்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெர்னா பின்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெற்கிலிருந்து மெல்லிய காற்று. சட்டைகள் வீட்டுப் பக்கம் சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து அதே சட்டைகளைக் கிழக்கே தள்ளியது. அதுவும் அடங்கியது. மறுபடி தெற்கு. இரண்டுமே சாதுவான காற்றுதான், ஆனால் இரண்டும் ஒரே கொடியில் சண்டை போட்டன. வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். தரிசு வயலுக்கு மேலே வெள்ளை மேகங்கள் ஒரு கோடு பிடித்து வரிசையாக நின்றன. அடிப்பக்கம் தட்டை, தலை மட்டும் பார்க்கப் பார்க்க வளர்ந்தது. கறுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் அடுத்த சட்டையை எடுக்காமல் அதையே பார்த்தாள்.

ஓரெஸ்ட் பிக்கப்பின் கதவைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். அவள் பல்லில் துணிக் கிளிப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

அவள் கிளிப்பை எடுத்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"ஒண்ணுமில்ல."

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவேன். தண்ணிய கொதிக்க வை."

அவன் குட்டைப் புழுதி தெற்கு மூலையில் திரும்பி மறைந்தது. கைபேசி அலறவில்லை. ரேடியோவில் வெயில் என்றார்கள், அங்கங்கே ஒரு தூறல் விழுந்தாலும் விழலாம் என்றார்கள். வெர்னா தன்னைத்தானே திட்டிக்கொண்டு பைரோஹிக்கு மாவு பிசைந்தாள்.

ஐந்து மணிவாக்கில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெற்கு மூலையில் குட்டையாக, கனமாக ஒரு புழுதி. வந்துவிட்டான். மனசு லேசாகி, பைரோஹிகளைக் கொதிக்கும் தண்ணீரில் சரித்தாள். வெங்காயம் வதக்கினாள். புளித்த பாலேட்டை மேசையில் வைத்தாள். பைரோஹிகள் மேலே மிதந்தன. வண்டிச் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெந்தன. பூட்ஸ் கழற்றும் சத்தமும் இல்லை. ஓரங்கள் பிரிய ஆரம்பித்தன.

மறுபடி ஜன்னலுக்குப் போனாள். புழுதி அங்கேயே இருந்தது. ஓரெஸ்டின் புழுதி மெதுவாக நகரும், ஆனாலும் நகரும். இது நின்ற இடத்தில் நின்றது. இதற்கு வால் இல்லை. சாலையை விட்டுத் தள்ளி, தரிசு வயலுக்குள் இருந்தது. அது மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மேகத்தின் தட்டையான அடியிலிருந்து விரல் நுனி அளவுக்கு வெள்ளையாக ஏதோ கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புழுதி உயர்ந்து உயர்ந்து அந்த விரலைத் தொட்டு, தரைக்கும் வானத்துக்குமாக ஒரு பழுப்புக் குழாய் ஆயிற்று. அதன்மேல் வெயில் அடித்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அதை நினைத்தபோதுதான் பிற்பாடு அவளுக்குப் பொறுக்கவில்லை.

நிலவறைக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் கதவை நோக்கி ஓடியவள், அன்றைக்குக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயை நோக்கி ஓடினாள். இடுப்பில் சமையல் துணி, கையில் ஓட்டைக் கரண்டி. அடுப்பை அணைத்தோமா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

ஆர்வில் பார்த்திருந்தால் அசந்துபோயிருப்பான், அவ்வளவு வேகம். வழி நெடுக ஒரே வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள்: "சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்." அவள் மூலையைத் திரும்பும்போது குழாய் மெலிந்து கயிறாகி, நடுவில் வளைந்து, எங்கே போயிற்று என்றே தெரியாமல் போய்விட்டது. மண் மட்டும் சாவகாசமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் ஒன்றும் நடக்காததுபோல் வெள்ளையாக நின்றது.

வயலோரத்தில் பிக்கப் நின்றது, ஒரு பக்கக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. பழைய தானியக் கொட்டகைக்குக் கூரை இல்லை. ஓட்டுபவருக்குக் கூண்டு இல்லாத பழைய டிராக்டர் வயல் மூலையில் எஞ்சின் ஓடியபடி நின்றது. இருக்கையில் ஆள் இல்லை.

வெர்னாவுக்கு மாடுகள் நினைவுக்கு வந்தன. வண்டிகள் இருந்த இடத்தில் இருந்தன, ஓரெஸ்ட் மட்டும் இல்லை. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

கல் குவியலுக்குப் பின்னாலிருந்து அவன் பாட்டன் காலத்து உக்ரேனிய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு வந்தன. அப்படிப்பட்ட வார்த்தைகள் காதுக்கு இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

ஓரெஸ்ட் குவியலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு மண். கண் இரண்டும்தான் வெள்ளை.

"என் தொப்பி போச்சு" என்றான்.

"அடி பட்டுச்சா?"

"புதுத் தொப்பி. விதைக் கம்பெனிக்காரன் குடுத்தது."

"அடி பட்டுச்சான்னு கேக்கறேன், ஓரெஸ்ட்."

"காதுக்குள்ள அரை ஏக்கர் மண்ணு இருக்கு. வேற ஒண்ணுமில்ல. கல்லு கொட்ட வந்தேன், சட்டுனு காத்து முதுகுப் பக்கம் இழுத்துச்சு. இதுக்குப் பின்னால படுத்துட்டேன்." அவன் அவள் கையைப் பார்த்தான். "அது என்ன கரண்டி?"

அவள் அந்தக் கரண்டியாலேயே அவன் தோளில் ஒரு போடு போட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள். அவனும் கொஞ்சம் அழுதான். மண் கண்ணில் பட்டதால் என்று பிற்பாடு சொன்னான்.

அடுப்பு அணையாமல்தான் இருந்தது. பைரோஹிகள் கஞ்சியாகியிருந்தன. ஓரெஸ்ட் அதைக் கிண்ணத்தில் வாங்கி, பாலேடு விட்டு, ஸ்பூனால் வழித்துத் தின்றான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். பல வருஷங்களில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

ஊர் இரண்டு நாள் அவர்கள் வாசலிலேயே கிடந்தது. ஆண்கள் கூரையில்லாத கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து, தங்கள் கண்ணில் படவில்லையே என்று வயிறெரிந்தார்கள். எல்லோரையும்விட ஆர்வில்தான் நொந்துபோயிருந்தான்.

"விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வாசல்ல நின்னு பாக்கறேன், ஒண்ணும் வரல. வந்த அன்னிக்கிப் படுத்துத் தூங்கிட்டேன்" என்றான். பிறகு தயங்கி, "அன்னிக்கி நீங்க கீழ போகலியாக்கா?" என்று கேட்டான்.

வெர்னா அவனுக்குக் காபி ஊற்றினாள். ஓரெஸ்ட் பிழைத்ததில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகியிருந்தது. ஒரு கனம் மட்டும் இறங்கவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோமே, ஒரு தலைக்கவசத்துக்கு ரோஷப்பட்டு இவனைச் சாகக் கொடுக்க இருந்தோமே என்ற எண்ணம் அவளை விடவில்லை.

மூன்றாம் நாள் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஓரெஸ்ட் தன் தொப்பியிலிருந்து கதையை ஆரம்பித்தான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சுழற்காற்றில் இருப்பதிலேயே பலவீனமான வகை என்று சொன்னாள். ஓரெஸ்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் பெரிதாகப் போட்டுத் தரக் கூடாதா என்று கேட்டே விட்டான்.

போன் ஸ்பீக்கரில் இருந்ததால், அந்தப் பெண் சொன்னதை வெர்னா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பெரிய சுழற்காற்றுகள் மலை மாதிரி எழும் இடிமேகத்துக்குள் பிறந்து கீழே இறங்குகிறவை. அந்த மேகமே சுழல்வதால் ரேடாரில் தெரிந்துவிடும். இது அந்த ஜாதி இல்லை. இது தரையில் பிறந்து மேலே ஏறியது. தெற்குக் காற்றும் மேற்குக் காற்றும் ஒரு கோட்டில் வந்து உரசின. எதிரெதிரே வருகிற இரண்டு பேர் தோள் இடித்துக்கொண்டால் அரைச் சுற்று சுற்றுவார்களே, அதுபோல அந்தக் கோடு நெடுகச் சின்னச் சின்னச் சுழல்கள் பிறந்தன. வெறும் கறுப்பு மண் வெயிலில் கொதித்து, காற்றை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. உயரத்தில் பலமான காற்று இல்லாததால் மேகம் அலையாமல் நேராக வளர்ந்தது. அப்படி வளர்கிற ஒரு மேகம் நேர் கீழே கிடந்த ஒரு சுழலை உறிஞ்சி இழுத்தது. இழுக்க இழுக்க அது மெலிந்தது, மெலிய மெலிய வேகம் கூடியது. கொஞ்ச நேரத்தில் மேகம் மழையாகப் பெய்ய ஆரம்பித்தால் தானாகவே அறுந்துவிடும்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் வெர்னா. "அன்னிக்கி மத்தியானம் ரெண்டு காத்தையும் ஒருத்தங்க கவனிச்சிருந்தா, இது வரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா. கோடைல பாதி நாள் இப்படித்தான் ரெண்டு காத்து மோதுது, மேகம் வளருது. நூத்துல தொண்ணூறு தடவ ஒண்ணும் நடக்காது. எங்க மெஷின் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு எங்களாலயே சொல்ல முடியல."

போனை வைத்த பிறகு வெர்னா மேசையில் உட்கார்ந்தாள். பாதிக் கனம் இறங்கியிருந்தது. மீதியை இறக்கி வைக்க வேறு இடம் இல்லை.

"துணி காயப் போட்டுட்டிருந்தேனே, அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. உங்கிட்ட போகாதன்னு சொல்ல வாயத் தொறந்தேன். சொல்லல. வீம்புக்குச் சொல்லல."

ஓரெஸ்ட் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனாக்கும்" என்றான் கடைசியில். "போகாதன்னு நீ சொல்லியிருந்தா, அதுக்காகவே இருட்டற வரைக்கும் டிராக்டர்ல உக்காந்திருப்பேன். கல்லுக் கொட்டக்கூட வந்திருக்க மாட்டேன். நட்ட நடு வயல்ல இருந்திருப்பேன். இப்ப ரெஜைனாவுக்குப் பறந்துபோய் பசங்க வீட்டுக் கதவத் தட்டியிருப்பேன்."

வெர்னா அவனையே பார்த்தாள். அது சத்தியமான உண்மை. அவ்வளவு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல், மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மீதிக் கனம் எப்போது இறங்கிற்று என்று தெரியவில்லை.

"அந்த மண்டபத்துல நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான் ஓரெஸ்ட், கோப்பையைப் பார்த்தபடி. அவன் அதற்கு மேல் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கைபேசி அலறியது. மேற்கே, இரண்டு ஊர் தள்ளி, மேகம் நிஜமாகவே கறுத்திருந்தது. ஓரெஸ்ட் தெற்கே கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டுக்கொண்டிருந்தான். வெர்னா யோசிக்கவில்லை.

"ஓரெஸ்ட், வீட்டுக்கு வா."

"வர்றேன்."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை, எதற்கு என்று இழுக்கவில்லை. வெர்னா போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு டார்ச்சையும் ரேடியோவையும் எடுத்து நிலவறைப் படியில் வைத்தாள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் சுரங்கத்துத் தலைக்கவசம் தொங்கியது.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மேகம் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றாள். தெற்கு மூலையில் குட்டையாக, கனமாக ஒரு புழுதி எழுந்தது. வெர்னா அவசரப்படவில்லை. அது நகர்கிறதா என்று பார்த்தாள், நகர்ந்தது. வால் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. அதற்குப் பின்னாலேயே, அரை மைல் நீளத்துக்கு மெல்லிய வாலோடு, இன்னொரு புழுதி தலைதெறிக்க வந்துகொண்டிருந்தது.

தட்டிலிருந்த பைரோஹிகளைத் தண்ணீரில் சரித்துவிட்டு, ஆர்விலுக்காக இன்னும் ஒரு கை எடுத்துப் போட்டாள்.